தமுனுக் கட்டை கேட்டு வில்கமுவவுக்கு

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை மாத்தளையில் இருந்து வில்கமுவவுக்குப் போய் வந்தேன். அங்கே ஒருவரிடம் ஒரு மரக்கட்டை கேட்க வேண்டியிருந்தது. என் வாப்பாவின் தங்கை, மாமி, கூட வந்தார். நான் பேசாத இடங்களில் எனக்கும் சேர்த்துப் பேசுபவர் அவர்தான்.

வாப்பாவுக்கு மாத்தளையில் அலுமாரி, மேசை செய்யும் சிறிய தளபாடப் பட்டறை இருக்கிறது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் அங்கே பொலிஷ் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெண்களுக்கு மட்டும் நடக்கும் அம்பெய்யும் பயிற்சிக்குப் போகிறேன். பதினைந்து பேருக்கு இரண்டு வில்தான். ஆளுக்கு ஆறு அம்பு எய்துவிட்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். இருந்தாலும் வாரம் முழுவதும் அந்த ஆறு அம்புகளுக்காகக் காத்திருப்பேன். பள்ளிக்கூடத்தில் எழும்பிப் பதில் சொல்லச் சொன்னால் தெரிந்த பதிலும் எனக்கு வந்ததில்லை. அங்கே யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை.

போட்டி ஒன்று வருவதாகவும், சொந்த வில் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றும் பயிற்சி தரும் டீச்சர் சொன்னார். கையால் செய்த மர வில்லும் பரவாயில்லை, ஆனால் அவர் முன்னால் நூறு தடவை இழுத்துக் காட்ட வேண்டும். கடையில் வில் வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. நானே செய்வது என்று முடிவு செய்தேன்.

மரம் கிடைத்தது தற்செயலாக. வில்கமுவவில் ரேணுகா அக்கா என்பவருக்கு ஓர் அலுமாரி கொடுக்க லொறியில் போனோம். வழியில் உரசிய இடங்களுக்குப் பொலிஷ் தொட்டுவிடுவது என் வேலை. முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு, வயலும் உழவு இயந்திரமும் அவரே பார்க்கிறார். அவருடைய கொட்டிலில் நான் அறியாத ஒரு மரம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. எங்கள் பட்டறைக்குத் தேக்கும் மஹோகனியும் பலாவும் வரும், இது வந்ததில்லை. தமுனு என்றார். தோட்டத்தில் விழுந்த மரம், இரண்டு வருடமாகக் காய்கிறது, மண்வெட்டிப் பிடிக்கு வைத்திருக்கிறேன் என்றார். நான் அதையே தடவிக்கொண்டு நின்றதைப் பார்த்து, கேட்காமலே ஒரு பாதியை லொறியில் ஏற்றிவிட்டார்.

அந்தப் பாதியை நான் கெடுத்துவிட்டேன். அதன் வளைவை எல்லாம் மரம் அறுக்கும் வாளில் கொடுத்து நேராக அறுத்தேன், சீவுளியால் நான்கு பக்கமும் மட்டமாக்கினேன். வெளிப்பக்கம் மயிரிழை போல ஒரு வெடிப்புத் தெரிந்தது. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, தேய்த்து, மூன்று பூச்சு வார்னிஷ் அடித்தேன். வில்லுக்கு இப்படிச் செய்யக்கூடாது என்று நான் பார்த்த எல்லா வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். ஆனால் எங்கள் பட்டறையில் நல்ல வேலை என்றால் அதுதான், என் கை அதைத்தான் செய்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பார்க்க இருபத்தேழாவது இழுப்பில் வில் ஒடிந்தது. பெயர் கொடுக்க இன்னும் இரண்டு ஞாயிறு இருந்தன. மற்றப் பாதி மரம் ரேணுகா அக்காவிடம் இருந்தது.

"போன்ல ஒரு கோல் எடுத்தா முடியிற வேல புள்ள," என்றார் மாமி. "வாய் ஈக்கிறது சோறு தின்ன மட்டுமா?"

நான் கோல் எடுக்கவில்லை. போனில் பேசுவதைவிட ஐந்து மணிக்கு எழும்பிப் பஸ்ஸில் போவது எனக்கு லேசு.

காலை 5.45க்கு மாத்தளையில் தம்புள்ளை பஸ் ஏறி 6.50க்கு நாவுலயில் இறங்கினோம். 27 கிலோமீற்றர், ஆளுக்கு 130 ரூபா. வில்கமுவவுக்கு மாத்தளையில் இருந்து நேர் பஸ் இருக்கிறது, அன்று அது ஓடவில்லை. நாவுலயில் பால் இல்லாத பிளேன்டி குடித்துவிட்டு எலஹெர வழியாகப் போகும் 7.30 பஸ்ஸில் ஏறினோம். 260 ரூபா. ஜன்னல் பக்கம் கிடைத்தால் விடாதீர்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஒடிந்த வில்லைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். கண்டக்டருக்கு அதன்மேலேயே கண்.

"என்ன மாமி அது, சுடுற துவக்கா?"

"ஒடஞ்ச வில்லு மகன்."

"ஒடஞ்சத எங்க கொண்டு போறீங்க?"

"ஒடச்ச ஆள் இந்தா ஈக்கி, கேளுங்க," என்று மாமி என்னைக் காட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

9.50க்கு இறங்கினோம். அங்கிருந்து ரேணுகா அக்கா வீட்டுக்கு நான்கு கிலோமீற்றர். ஓட்டோ இல்லை. உர மூட்டை ஏற்றி வந்த ஓர் உழவு இயந்திரக்காரர் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டார், காசு வாங்கவில்லை. மாமி மூட்டைமேல் ராணி மாதிரி உட்கார்ந்து வந்தார்.

ரேணுகா அக்கா வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். அது தமுனு. பக்கத்தில் இன்னும் இரண்டு பிடிகள். மீதி மரம் முடிந்துவிட்டதோ என்று கொட்டில் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவர் பேசியது எல்லாம் சிங்களத்தில், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"தங்கச்சி, அலுமாரிக்கு ஏதும் பிரச்சினையா?"

மாமி வாயைத் திறந்தார். பிறகு ஏனோ மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் துணியை அவிழ்த்து ஒடிந்த வில்லை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒடிந்த இடத்தில் வார்னிஷை நகத்தால் சுரண்டினார். அடைத்த தூள் உதிர்ந்தது.

"இது என்ன?"

"வெடிப்பு. அடைச்சேன்."

"தெரியவே இல்லயே. நல்ல கை உனக்கு," என்றார். பிறகு உள்ளே திரும்பிப் பார்த்தார். "அப்ப என் அலுமாரியிலயும் இப்பிடி இருக்குதா?"

எல்லாப் பட்டறையிலும் இது நடப்பதுதான். கணு விழுந்த இடம், சின்ன வெடிப்பு, இவற்றை அடைக்காமல் ஒரு பலகையும் வெளியே போவதில்லை. ஆனால் எந்தப் பட்டறைக்காரரும் அதை வாடிக்கையாளரிடம் சொல்வதும் இல்லை. இல்லை என்று தலையாட்டினால் போதும். ஆம் என்றால் இவர் மரம் தர மாட்டார், வாப்பாவின் பெயரும் கெடும் என்று நினைத்தேன். மாமி என் முழங்கையைக் கிள்ளினார். எந்தப் பக்கம் சொல்லச் சொல்லிக் கிள்ளினார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

"இருக்கு. இடது கதவு, உள்பக்கம், கீழ. நான்தான் அடைச்சேன்."

அவர் என்னை உள்ளே கூட்டிப் போனார். போன் வெளிச்சத்தில் நான் விரல் வைத்த இடத்தைத் தடவினார், கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"சரி விடு. அலுமாரிய நான் வளைக்கப் போறதில்லயே," என்றார்.

முதலில் சிரித்தது மாமி. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, மற்றப் பாதி மரத்தைத் தருவீர்களா என்று நான் கேட்டேன்.

நேரான துண்டெல்லாம் பிடியாகிவிட்டது என்று சொல்லி, விறகுக் குவியலுக்குப் போய் நீளமான ஒன்றை இழுத்து வந்தார். ஆறடி இருக்கும். பாம்பு போல இரண்டு இடத்தில் நெளிந்திருந்தது. "கோணல். பிடிக்கு ஆகாதுன்னு அடுப்புக்குப் போட்டேன். வேணும்னா எடு." எங்கள் பட்டறையிலும் அதைக் கழித்துத்தான் போட்டிருப்போம்.

அதை அளவாக அறுத்தெடுக்க நான் வாள் கேட்டேன். அவர் கோடரியும் இரண்டு ஆப்பும் கொண்டுவந்தார். "அறுத்த பிடி என் கையில ரெண்டு தடவ ஒடிஞ்சிருக்கு. பிளந்தது ஒடிஞ்சதில்ல. ஏன்னு கேக்காத, எனக்குத் தெரியாது." ஆப்பை அடித்தபோது பிளவு மரத்தின் நெளிவோடு நெளிந்து ஓடியது. ஒடிந்த வில்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் மரத்தின் வரிகள் சாய்வாக ஓடி, நான் அறுத்த விளிம்பில் பாதியில் நின்றிருந்தன. அந்த இடத்தில்தான் ஒடிந்திருந்தது.

பகல் சாப்பாட்டுக்குச் சோறு வைத்தார். மாமி தயங்கும் முன்பே, "இறைச்சி இல்ல, மீனும் பிஞ்சுப் பலாக்காய்ப் பொலோஸும்தான், பயப்படாமச் சாப்பிடுங்க," என்றார். மாமி கொண்டுபோன தொதல் இனிப்பை வாங்கிக்கொண்டார், காசை வாங்கவில்லை. பதிலுக்குப் புதுப் பிடிகளுக்கு வார்னிஷ் அடித்துத் தரவா என்று கேட்டேன். "ஐயோ, வார்னிஷ் பிடியால கொத்தினா கை கொப்பளிச்சுப் போகும்," என்று சிரித்தார். 2.15 பஸ்ஸுக்குத் தன் உழவு இயந்திரத்திலேயே கொண்டுவந்து விட்டார். பஸ்ஸில் காலையில் பார்த்த அதே கண்டக்டர்.

"காலையில ஒடஞ்ச வில்லு, இப்ப விறகா?"

"இது வில்லு," என்றேன். மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் ஒன்பது நாள் வேலை. பட்டையை உரித்து, அதன் கீழிருந்த முதல் மர அடுக்கைத் தொடாமல் விட்டேன், அது எங்கே நெளிந்ததோ அங்கே நெளியட்டும் என்று. உள்பக்கத்தை மட்டும் அரத்தாலும் உடைந்த கண்ணாடித் துண்டாலும் சுரண்டினேன். நாண் கட்டி, வில்லைச் சுவரில் மாட்டிக் கயிற்றால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, அதன் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்ப்பேன். வளையாத பக்கத்தைச் சுரண்டுவேன், மறுபடி இழுப்பேன். தமுனு அரத்துக்கு லேசில் வழிவிடாது. ஆனால் வளைத்தால் கோபிக்காமல் திரும்பி வரும். முடிவில் வார்னிஷ் இல்லை, தேங்காய் எண்ணெய் மட்டும். வாப்பா பார்த்துவிட்டு, "என்ன இது, இன்னும் வேல ஈக்கே," என்றார்.

இரண்டாம் ஞாயிறு டீச்சர் எண்ணினார். அம்பில்லாமல் நாணை விட்டால் வில் கெட்டுவிடும், அதனால் ஒவ்வொரு தடவையும் இழுத்து மெதுவாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இருபத்தேழில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. எழுபதுக்குப் பிறகு என் கை களைத்தது, வில் களைக்கவில்லை. நூறு முடிந்ததும் டீச்சர் படிவத்தை எடுத்து, என்ன மரம் என்று கேட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

இப்படி ஒரு பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். காட்டில் எதையும் வெட்டாதீர்கள், அது குற்றம். தோட்டங்களில் விழுந்து காய்ந்த மரம் கேட்டால் கிடைக்கும். அறுக்காமல் பிளந்து எடுங்கள், கோணலைக் கழிக்காதீர்கள். வெடிப்பு இருந்தால் அடைக்காதீர்கள், வேறு கட்டை தேடுங்கள். வில்கமுவவில் இருந்து திரும்பும் பஸ்கள் குறைவு, இறங்கும்போதே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். இருவருக்கும் போகவர 1,560 ரூபா ஆனது. தண்ணீர் கொண்டுபோங்கள்.

முக்கியமாக, போகும் முன் ஒரு கோல் எடுங்கள். நாங்கள் ஒரு நாள் பிந்திப் போயிருந்தால் என் வில் அடுப்பில் எரிந்து முடிந்திருக்கும்.

பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும் ரேணுகா அக்காவிடம் பேச மாமியின் போனை வாங்கினேன். மாமி இலக்கத்தை அழுத்தித் தர வந்தார், வேண்டாம் என்றேன். மூன்று தடவை மணி அடித்தது.

"அக்கா, நூறு," என்றேன்.

"யாரு பேசுறது?"

பெயர் சொல்லவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. சொன்னேன். பிறகு பதினொரு நிமிடம் பேசினோம்.