நூல் அறுந்த டேக்

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் மாநகராட்சித் தண்ணீரை மேல் தொட்டிக்கு ஏற்றினேன். நாட்குறிப்பில் சனிக்கிழமையை எழுதி முடித்தேன். கறிக்கடை வரிசையில் நின்று கோழி வாங்கி வந்தேன். பிறகு பேஸ் கிதாரின் கம்பிகளைத் துணியால் துடைத்தேன். ஒயர்களைத் தனித்தனியாகச் சுருட்டி, ஒவ்வொன்றின் நுனியிலும் எண் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பையில் அடுக்கினேன்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இத்தன பதனமா கெளம்பியிருக்க மாட்டீங்க" என்றாள் மனைவி.

அன்று எங்கள் ஆல்பத்தின் கடைசிப் பாட்டைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அன்று விட்டால் பிறகு முடியாது.

நாங்கள் மூன்று பேர். நான் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் துணியின் தரம் பார்க்கிற க்யூசி. டிரம்ஸ் வாசிப்பவர் நல்லூரில் துணி பின்னும் நிட்டிங் யூனிட் ஒன்றைச் சின்னதாக வைத்திருக்கிறார். அவரை நாங்கள் முதலாளி என்றுதான் கூப்பிடுவோம். கீபோர்டு வாசிப்பவர் சட்டைகளுக்கு அளவு வரைந்து வெட்டும் பேட்டர்ன் மாஸ்டர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், சர்ச்சில் வாசித்து விரல் பழகியவர். மூவருக்கும் ஐம்பது நெருங்குகிறது. மூவருக்கும் பிடித்தது ப்ராக்ரஸிவ் ராக். ஒரே பாட்டு இருபது நிமிடம் ஓடும், நடுவில் தாளம் ஏழாகும், ஐந்தாகும், பாடவே ஆள் இருக்காது. எங்கள் வீடுகளில் இதை ரசிக்க ஒருவரும் இல்லை.

ஆல்பத்தின் யோசனை மாஸ்டருடையது. ஒவ்வொரு பாட்டும் இந்தப் பனியன் ஊரின் மிஷின் ஒன்றின் ஓட்டத்தின் மேல் நிற்க வேண்டும். சோமனூருக்குப் போய் விசைத்தறியைப் பதிவு செய்து வந்தோம். ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷின், அயர்ன் டேபிளின் நீராவி எல்லாம் முடிந்திருந்தன. மிச்சம் இருந்தது வட்டப் பின்னல் மிஷின். அந்த நீளமான பாட்டை மாஸ்டர் இரண்டு வருடமாக எழுதித் திருத்திக்கொண்டிருந்தார். மற்ற பாட்டுகளில் மிஷின் சத்தத்தை முதலில் பதிந்துகொண்டு அதற்கு மேல் வாசித்தோம். இதில் அப்படி வேண்டாம், மிஷினும் மனிதர்களும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், வெட்டு ஒட்டு இல்லாமல் வாசிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை அவருக்குக் கோவையில் விமானம். கென்யாவில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம்.

ஞாயிற்றுக்கிழமை யூனிட்டில் ஆபரேட்டர்களுக்கு விடுமுறை. சுவரோரம் துணி ரோல்களைக் கூரை வரை அடுக்கியிருந்ததால் அந்த அறையில் எதிரொலியே இல்லை. அதைவிட நல்ல ஸ்டூடியோ எங்களுக்குக் கிடைத்திருக்காது. ஆனால் அது ஆடி ஞாயிறு. இரண்டு தெரு தள்ளியிருந்த அம்மன் கோவில் ஸ்பீக்கர் மதியம் வரை ஓயவில்லை. முதலாளி வீட்டிலிருந்து வந்த கூழைக் குடித்துவிட்டு, அது ஓய்வதற்காகக் காத்திருந்தோம்.

"ஏனுங்க மாஸ்டர், ஆடி மாசத்துல யாராச்சும் ஊரு விட்டு ஊரு கெளம்புவாங்களா?" என்றார் முதலாளி.

"எங்களுக்கு ஆடியும் கிடையாது, அமாவாசையும் கிடையாது. விசா வந்தா கெளம்ப வேண்டியதுதான்."

"அப்பறம் எதுக்குங்க எங்க கூழ மட்டும் மூணு டம்ளர் குடிக்கறீங்க?"

"கூழுக்கு ஏது வே மதம்? ஊத்தும்."

ஸ்பீக்கர் நின்றது. மைக்குகளை நான் முன்பே வரைந்து வைத்திருந்த படத்தின்படி நிறுத்தினேன். முதலாளி வேகத்தைக் குறைத்து, மிஷின் ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்துக்குள் எங்கள் தாளத்தின் ஏழு அடியும் சரியாக உட்காரும்படி வைத்தார். வாடிக்கையாளரின் நூலை வீணாக்கக் கூடாது என்பதால் மிச்சம் மீதிக் கோன்களை எடுத்து மாட்டினார். பச்சை, வெள்ளை, மெரூன் என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத நூல்கள். யார் எங்கே உட்கார வேண்டும், யார் தலையசைத்தால் யார் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் என் திட்டத்தில் இருந்தது. நூல் அறுந்தால் யார் போவது என்பது மட்டும் இல்லை.

தொடங்கினோம். மிஷின் சுற்ற, அதன் மேல் டிரம்ஸ் ஏற, என் பேஸ் அடிச் சுரங்களில் நடந்தது. நாங்கள் அவ்வளவு நன்றாக வாசித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பாட்டு மூன்றாம் பகுதிக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது மிஷினின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. நூல் அறுந்துவிட்டது. அறுந்தால் மிஷின் தானாக நின்றுவிடும். நின்றது.

முதலாளி குச்சிகளைப் போட்டுவிட்டு ஓடினார். எதற்கு என்று யோசிக்கவே இல்லை. முப்பது வருடமாக அந்த விளக்கைப் பார்த்தால் ஓடுகிறவர். அவரையாவது மன்னிக்கலாம். நானும் ஓடினேன். மிஷின் நடுவில் நின்றால் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். அதைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. கழுத்தில் கிதாரோடு, ஒயர் பிடுங்கிக்கொண்டதுகூடத் தெரியாமல், மிஷினுக்கு அடியில் குனிந்து, யாருமே வாங்கப்போகாத அந்த மூன்று நிறத் துணியில் கோடு விழுந்திருக்கிறதா என்று செல்போன் விளக்கு அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழுந்திருந்தது. நிமிர்ந்தபோதுதான் கீபோர்டு இன்னும் ஒலிப்பதைக் கேட்டேன்.

மாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை. நாங்கள் வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறோம், தனக்கு இடம் விட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். அவர் எழுதிய பாட்டில் இல்லாத ஒன்றை, மெதுவாக, ஒவ்வொரு சுரமாகத் தொட்டுப் பார்ப்பது போல வாசித்துக்கொண்டிருந்தார். முதலாளி முடிச்சுப் போட்ட கையோடு என்னைப் பார்த்தார். வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் பூனை போல நின்று கேட்டார். பிறகு மாஸ்டரின் வாசிப்பு ஒரு இடத்தில் கொஞ்சம் ஓங்கவும் முதலாளி ஸ்டார்ட் பட்டனை அமுக்கினார். மிஷின் முனகியபடி எழுந்தது. முதலாளி செருப்புச் சத்தம் கேட்க ஓடிப்போய் உட்கார்ந்தார். ஒரு குச்சி மிஷினுக்கு அடியில் உருண்டுவிட்டது. ஒற்றைக் குச்சியும் வெறுங்கையுமாக அடித்தார். நான் ஒயரைச் செருகியது 'டப்' என்று பதிவில் விழுந்தது. அப்படியே முடித்தோம்.

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். "அந்த எடத்துல நிறுத்தலாம்னு எப்ப பேசுனிய? என்கிட்ட சொல்லவே இல்லையே?"

நடந்ததைச் சொன்னோம். அவர் முகம் மாறிவிட்டது.

"நான் இங்க உசுரக் குடுத்து வாசிச்சுக்கிட்டு இருக்கேன், நீரு முடிச்சுப் போடப் போனீரா?"

"கண்ணு முன்னால செவப்பு லைட்டு எரியுதுங்க மாஸ்டர். ஓடாம எப்படீங்க இருக்கறது?"

"க்யூசி சாரு எதுக்கு ஓடினாரு?"

நான் உண்மையைச் சொன்னேன். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ" என்றார்.

இந்த முறை முதலாளி தன் சொந்தச் சரக்கிலிருந்து புதுக் கோன்களை மாட்டினார். நூல் அறுபடவில்லை. ஆரம்பம் முதல் முடிவு வரை மாஸ்டர் எழுதியது எழுதியபடி வந்தது. ஆனால் மூன்று பேரும், இப்போது மாஸ்டரும்கூட, அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு வாசித்தோம்.

இரண்டு டேக்கையும் போட்டுக் கேட்டோம்.

"ரெண்டாவதுதான் நான் எழுதினது" என்றார் மாஸ்டர்.

"மொதல்ல வந்ததுதானுங்க பாட்டு" என்றார் முதலாளி. "அந்த எடத்துல எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சுங்க. இது என்னமோ ஸ்கூல்ல ஒப்பிச்ச மாதர இருக்குது."

"ரெண்டு வருசமா எழுதுனேன் முதலாளி. நடுவுல செருப்புச் சத்தத்தோட வெளிய விடவா?" மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "க்யூசி சார், நீங்களே சொல்லுங்க. கோடு விழுந்த துணிய நீங்க பாஸ் பண்ணுவியளா?"

"மாட்டேன். ரிஜெக்ட் பண்ணிருவேன்."

"கேட்டீரா முதலாளி?"

"ஆனா அதத்தான் ஊட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக்குவேன்" என்றேன். "இப்ப நாம மூணு பேரும் போட்டிருக்கறது என்னங்க மாஸ்டர்?"

மாஸ்டர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். நெஞ்சில் அச்சடித்த படகு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முதலாளியின் டீ ஷர்ட்டில் ஒரு கை மற்றதைவிட நீளம். என்னுடையதில் விலாவுக்குக் குறுக்கே அதே கோடு. எங்கள் ஊரில் நல்ல சட்டை கப்பலேறிவிடும், மிச்சத்தைத்தான் நாங்கள் ஆசையாகத் தேய்த்துப் போட்டுக்கொள்கிறோம். அன்று முதல் தடவையாக மாஸ்டர் சிரித்தார். ஆனாலும் சம்மதிக்கவில்லை. அதற்குள் அவர் மனைவியின் போன். ஸ்பீக்கரில் போடாமலே எங்களுக்குக் கேட்டது: "கருவாடு வச்சா ஊறுகாய்க்கு எடமில்ல. எது வேணும்னு வந்து சொல்லிட்டுப் போய் வாசிங்க!"

இரண்டு டேக்கையும் அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன். எது வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும், பாட்டு அவருடையது என்று முடிவானது. வாசலில் முதலாளி அவரைக் கட்டிப்பிடித்தார். எனக்கு அதெல்லாம் வராது. கீபோர்டு பெட்டியின் கொக்கிகள் சரியாக மாட்டியிருக்கின்றனவா என்று இரண்டு தடவை பார்த்து பைக்கில் கட்டிவிட்டேன். "பாத்துப் போங்க மாஸ்டர்" என்றேன். "நீங்க பாத்ததுக்கு மேல நான் என்னத்தப் பாக்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் காலை கண் விழித்ததும் போனைப் பார்த்தேன். விமானம் ஏறுவதற்கு முன் மாஸ்டர் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். பின்னால் விமான நிலைய அறிவிப்பு கேட்டது.

"சார், பெட்டி கட்டும்போது ரெண்டையும் போட்டுவிட்டேன். ரெண்டாவது ஓடும்போது எங்க வீட்டம்மா அவ பாட்டுக்கு மடிச்சு வச்சுக்கிட்டே இருந்தா. மொத டேக்குல மிஷின் நின்னுச்சுல்லா, அங்க கைய நிறுத்திட்டு, 'எல்லாரும் எங்க போயிட்டாங்க'ன்னு கேட்டா. திரும்பி வருவாங்க, கேளுன்னேன். செருப்புச் சத்தம் வந்ததும் சிரிச்சுட்டா. அதையே வைங்க. மத்தத என் போன்ல அழிச்சுட்டேன், நீங்களும் அழிச்சிருங்க சார். இல்லன்னா அங்க போயி எனக்கு மனசு மாறிரும்."

நான் பதிவு செய்த எதையும் அதுவரை அழித்ததில்லை. வீணான டேக்குகளுக்குக்கூடத் தேதி போட்ட தனி ஃபோல்டர் உண்டு. பல் துலக்காமல், விளக்குகூடப் போடாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இரண்டாவது டேக்கை அழித்தேன். அழித்தது போய் விழும் இடத்தையும் திறந்து காலி செய்தேன். 'அழித்தாயிற்று' என்று அவருக்கு அனுப்பினேன்.