மாப்பிள்ளை விருந்துக்குச் சொன்ன வஞ்சிரம்

செம்பாக்கத்தில் மீன் விற்கும் கனகவல்லிக்கு மறதி என்பதே கிடையாது. அதுவும் பகையென்றால் கேட்கவே வேண்டாம். சுனாமிக்குப் பிறகு கைப்பிள்ளையோடு தகரக் கொட்டகையில் கிடந்தபோது, தண்ணீர் கேட்டுப் போனவளைக் குடத்தோடு விரட்டிய வீட்டை இன்றும் காறித் துப்பாமல் தாண்டமாட்டாள். பர்மாவிலிருந்து பிள்ளைகளைச் சுமந்து ஓடிவந்த பெண்கள் பக்கத்து முகாமில் இருந்தார்கள். தினம் மதியம் மீதி மீனை அவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

முகாம் தொட்டிக்கு வருவது பக்கத்து நிலத்துப் பாலுவின் போர்வெல் தண்ணீர்தான். "இதுங்க எடத்தக் காலி பண்ணட்டும்" என்று அவன் வால்வை மூடி, கைப்பிடியையும் கழற்றிக்கொண்டு போனான். குட்டைத் தண்ணீர் குடித்த, முகாம் பெண் ரேஷ்மாவின் குழந்தைக்கு வயிறு போய்க் கண் செருகிவிட்டது. கனகவல்லிதான் தன் மீன் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். வழியெல்லாம் பாலுவின் வம்சத்தையே சபித்தாள். குழந்தை பிழைத்தது; அவள் வயிற்றெரிச்சல் தீரவில்லை.

அந்தப் பாலுவே வெட்கமில்லாமல் அவளுக்குப் போன் போட்டான். "கனகா, ஞாயித்துக்கெழமை புது மாப்பிள்ளைக்கு விருந்து. எலையில வஞ்சிரம் தல இல்லன்னா சம்பந்தி மானத்த வாங்கிடுவாரு."

"நீ இன்னாத்துக்குக் கவலப்படற? நா கீறேன்ல அண்ணா" என்றாள், தேன் ஒழுக.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்தாயிற்று, மீன் வரவில்லை. போனில் கேட்டால், "முகாமுக்கு வா, கைப்பிடிய எடுத்துகினு வா" என்கிறாள். பட்டுவேட்டியோடு ஓடிவந்தான். ஐஸ் பெட்டிமேல் கனகவல்லி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மொதல்ல தண்ணியத் தொற."

பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தான். தொட்டியில் தண்ணீர் கொட்டியது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். கைப்பிடியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு அவள் எழுந்தாள். பாலு பாய்ந்து பெட்டியைத் திறந்தான். வெறும் ஐஸ்தான் இருந்தது.

"எங்கடி என் மீனு?"

சுவரோரம் ரேஷ்மாவும் மற்ற பெண்களும் அரிவாள்மணையோடு குந்தியிருந்தார்கள். முன்னால் அன்னக்கூடை நிறைய வஞ்சிரத் துண்டுகள், மேலே தலை.

"அறுத்து வச்சி ரொம்ப நேரமாச்சு" என்றாள் கனகவல்லி. "கழுவத்தான் தண்ணி இல்லாம குந்திகினு இருந்தோம்."