இரவல் நாற்காலிகளுக்குக் கீழே இரண்டு வரி

போன வாரம் ஒரு பெண்ணுக்குக் கூடி வந்த சம்பந்தத்தைக் கெடுத்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை... ஆனால் கெடுத்தது நான்தான்.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்லூரிக் குழு ஆய்வு நடத்தியது. வறுமை பற்றிக் கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ளும் பழைய முறை இல்லை. ‘உங்கள் வாழ்க்கையை நீங்களே படம் எடுத்து வாருங்கள்’ என்று பெண்கள் கையில் போனைக் கொடுத்துவிடுவார்கள். நல்ல யோசனைதானே? ஓய்வுபெற்ற பொருளாதார வாத்தியார் என்பதால், கண்காட்சியில் மாட்டப்போகும் படங்களுக்குக் குறிப்பு எழுத என்னைக் கூப்பிட்டார்கள்.

கூலிக்கு அப்பளம் போடும் இசக்கியம்மாள் ஒரு படம் கொண்டுவந்தார். ஒழுகும் கூரை இல்லை, கிழிந்த பாய் இல்லை. பளிச்சென்று ஒரு முன்னறை. குஷன் வைத்த நாற்காலிகள், டேபிள் ஃபேன், பூப்போட்ட கண்ணாடி டம்ளர்கள்.

“இதுல வறுமை எங்கம்மா இருக்கு?”

“எல்லாம் இரவல் சார். மவளப் பொண்ணு பாக்க வந்தாகல்லா, அன்னைக்கு எடுத்தது. நாற்காலி எதுத்த வீடு, ஃபேன் மதினி வீடு. சுவரு மட்டுந்தான் நம்மளது. அதுவும் வாடகை.”

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் பிடிபடாத ஒன்று கையில் சிக்கியதுபோல் எனக்கு ஒரே குஷி. அவர் பேச்சுவாக்கில் சொன்னதைப் படத்தின் கீழே எழுதிவிட்டேன்: ‘பெண் பார்க்க வருகிறார்கள். இந்த அறையில் எதுவும் எங்களுடையது இல்லை.’

எழுதலாமா என்று அவரிடம் கேட்டேனா? கேட்கவில்லை. படத்தை மாட்டச் சம்மதித்தவர் குறிப்புக்கு மட்டும் மறுப்பாரா என்ன — அப்படி ஒரு நினைப்பு.

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில். பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளையின் அத்தையும் ஒருவர். அதே நாற்காலியில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டவர். மறுநாளே சொல்லி அனுப்பிவிட்டார்கள் — ‘பொறவு பாப்போம்.’ அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். இசக்கியம்மாள் அப்பளங்களை வெயிலில் பரப்பிக்கொண்டே கேட்டார்.

“இல்லாதத மறைக்கது தப்பா சார்?”

“இல்லம்மா.”

“அப்ப, உங்ககிட்டச் சொன்னது தப்போ?”

“அதுவும் இல்ல. நான் எழுதினதுதான் தப்பு.”

“உள்ளதத்தானே எழுதுனீய.”

கையிலிருந்த கடைசி அப்பளத்தையும் பரப்பி முடித்தார். பிறகு, “வள்ளியூர்ல இருந்து இன்னொரு எடம் வருது. தெருவுல உள்ள நாற்காலி எல்லாம் படத்துல வந்துட்டு. உங்க வீட்டுல நல்லதா நாலு கெடக்கா?” என்றார்.

சாயங்காலமே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். இது பரிகாரமா, உடந்தையா? உண்மையை எழுதி ஒரு கல்யாணத்தைக் கெடுத்தேன். இப்போது உண்மையை மூடி இன்னொன்றை நடத்தப் பார்க்கிறேன். இரண்டில் எது சரி... எனக்குப் புரியவில்லை.

இதை எழுதலாமா என்று இந்த முறை கேட்டுக்கொண்டேன். “பேரையும் ஊரையும் மாத்திப் போடுங்க” என்றார். மாற்றிவிட்டேன்.

ஆனால், அன்றைக்கு அந்த இரண்டு வரியிலும் நான் பெயர் எதுவும் போடவில்லைதான்.