கேம் டப்பாக்களுக்கு மேலட்டை

போன மழையில் எங்கள் பொன்னேரி வீட்டுக்குள் முட்டி அளவு தண்ணீர் வந்தது. ஃபிரிட்ஜ் போயிற்று, கட்டில் ஊறியது. என் புருஷன் இதற்கெல்லாம் வாயைத் திறக்கவில்லை. டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் அடுக்கி வைத்திருந்த பழைய வீடியோ கேம் சிடிகளைத்தான் முதலில் தூக்கினார். கல்யாணத்துக்கு முன்பே பாரிமுனை நடைபாதையில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது. சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்ததும் சிடிகள் பிழைத்துக்கொண்டன. டப்பாவுக்குள் செருகியிருந்த மேலட்டைக் காகிதங்கள் மட்டும் கூழாகிவிட்டன.

"நீதான் அட்ட போடறவளாச்சே. இதுக்கும் போட்டுக் குடேன்மே" என்றார்.

நான் கும்மிடிப்பூண்டியில் மருந்துப் பெட்டி அச்சடிக்கிற கம்பெனியில் லேஅவுட் போடுகிறேன். மாத்திரை அட்டை உள்ளே வரும் சின்னக் காகிதப் பெட்டி இருக்கிறதே, அதில் எந்த எழுத்து எங்கே வரவேண்டும், எங்கே மடியவேண்டும், எங்கே பசை என்று கம்ப்யூட்டரில் வரைவது. அவர் அதே தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனி குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அவர் கம்பெனி பஸ்ஸில் போவார், நான் லோக்கல் ரயிலில் போவேன். ஒரே ஊருக்குப் போனாலும் வழியில் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

வேலை கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. செய்யும்போதுதான் பேஜார். இருபது வருஷத்துக்கு முந்தைய கேம். நெட்டில் கிடைக்கும் படம் தபால்தலை அளவு. அதைப் பெரிசாக்கினால் கார் எது ரோடு எது என்று தெரியாது. ஒவ்வொரு கோடாக மறுபடியும் வரையவேண்டும். நடைபாதைக்காரர் வைத்துக் கொடுத்த அட்டைகளும் ஒழுங்கானவை இல்லை. பைக் ரேஸ் கேமுக்கு யாரோ ஒரு வெள்ளைக்கார நடிகையின் படத்தை வைத்திருந்தார். "உனக்கு ஞாபகம் இருக்கற மாதிரி போடட்டுமா, நெஜமான கடையில வித்த மாதிரி போடட்டுமா?" என்று கேட்டேன். "ஒரிஜினல் போடு. ஒரு தபாவாவது ஒரிஜினல் பாக்கலாம்" என்றார்.

முதல் அட்டையில் நானே கோட்டை விட்டேன். கை பழக்கம் விடுமா? பின்பக்கம் ஓரமாக, பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் அடிக்க ஒரு வெள்ளைக் கட்டம் விட்டிருந்தேன். மருந்துப் பெட்டிக்கு அது இல்லாமல் நடக்காது. கார் ரேஸ் கேமுக்கு எதற்குக் காலாவதித் தேதி? பிரிண்ட் போட்டு டப்பாவில் செருகின பிறகுதான் என் கண்ணிலேயே பட்டது. அவர் அதைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, கோழி தானியத்தைப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "சூப்பர்மே" என்றார். என் மனசு நோகக்கூடாது என்று சொல்லாமல் விட்டார் என நினைத்தேன். அன்றைக்கு அவர்மேல் கொஞ்சம் பாசம்கூட வந்தது.

அடுத்ததற்கும் சூப்பர். அதற்கடுத்ததற்கும் சூப்பர். எனக்கு எரிச்சல் ஏற ஆரம்பித்தது. நான் பொறுமைசாலி இல்லை. குறை சொல்லாத ஆளிடம் வேலையைக் காட்டுவது சுவரிடம் காட்டுவதற்குச் சமம். லீவு நாளெல்லாம் முதுகு ஒடிய உட்கார்ந்து, சிவப்பு மங்கலாக இருக்கிறதா, டப்பா முதுகில் பெயர் நடுவில் வந்திருக்கிறதா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறேன். இவர் ஒரு வார்த்தையில் கழற்றிவிடுகிறார். வாங்கி அடுக்குவதோடு சரி, விளையாடுவதும் இல்லை. ஜாய்ஸ்டிக் வயர் போய்விட்டதாம். புதுசு வாங்கலாம் என்றால் அப்புறம் பார்க்கலாம் என்பார்.

எங்கள் டிபார்ட்மெண்டில் ஒரு வழக்கம் உண்டு. முதல் ப்ரூஃபைச் செக் பண்ணுகிறவரிடம் கொடுக்கும்போது, வேண்டுமென்றே ஒரு தப்பை உள்ளே வைப்போம். முள் வைக்கிறது என்று அதற்குப் பேர். என்ன தப்பு என்று சூப்பர்வைசருக்கு மட்டும் முன்கூட்டியே தெரியும். செக்கர் அதைப் பிடித்துவிட்டால் அவர் முழித்துக்கொண்டுதான் படிக்கிறார் என்று அர்த்தம். பிடிக்கவில்லை என்றால் அவர் பார்த்த மொத்தத்தையும் இன்னொருவர் மறுபடி பார்ப்பார். மருந்து விஷயம் அல்லவா.

இவருக்கும் முள் வைத்தால் என்ன என்று தோன்றியது. அடுத்த அட்டையில் சிவப்புக் காரைப் பச்சையாக்கினேன். சூப்பர் என்றார். கால்பந்து கேமின் பெயரைத் துப்பாக்கி கேமின் படத்துக்கு மேல் போட்டேன். அதுவும் சூப்பர். சரி, ஐயா பார்க்காமலேயே தலையாட்டுகிறார், கையும் களவுமாகப் பிடித்து மானத்தை வாங்குகிறேன் என்று முடிவு பண்ணினேன். அவருக்கு ரொம்பப் பிடித்த குஸ்தி கேம் ஒன்று இருந்தது. அதன் அட்டையில் தொடை தட்டி நிற்கும் பயில்வானின் தலையை எடுத்துவிட்டு என் ஆதார் போட்டோ முகத்தை ஒட்டினேன். கூடவே ஒரு முறுக்கு மீசை. எனக்கே சிரிப்பு தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்து அவர் கை கழுவி வந்ததும் நீட்டினேன். வாங்கினார். தலையைச் சாய்த்தார். அட்டைமேல் கட்டைவிரலால் தடவினார்.

"இதான்மே பெஸ்ட்டு. அப்டியே அன்னிக்கு வாங்கனா மாதிரி இருக்குது."

நான் வெடித்துச் சிரித்தேன். அவரும் சிரிக்கவேண்டிய நேரம் வந்து, போயும் விட்டது. அவர் ஏதோ புரியாதவர்போல் என் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்து வைத்தார். என் சிரிப்பு நின்றது.

"இதுல யார் படம் இருக்குது?" என்றேன்.

"பயில்வான்தான். வேற யாரு?"

"யோவ், அது நான்யா."

அவர் அட்டையைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். "வெளிச்சம் பத்தல" என்றார். தலைக்கு மேலே ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது, ஜன்னலும் திறந்திருந்தது.

"கண்ணு எவ்ளோ நாளா இப்டி இருக்குது?"

"ஒண்ணும் இல்ல. பேஜார் பண்ணாத" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வாசற்படி, செருப்பு, கேட் எதிலும் தடுக்கவில்லை. அதுதான் என்னை இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறது. திரும்பி வந்தவர், நான் மறுபடி கேட்கும் முன்பே பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

அன்று எனக்குத் தூக்கம் இல்லை. ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மெசேஜ் அடிக்காமல் வாய்ஸாகவே அனுப்புகிறார். கடைத்தெருவில் எதிரே போய் நின்றால்கூட நான் பேசும்வரை கண்டுகொள்ள மாட்டார். திமிர் என்று சண்டை போட்டிருக்கிறேன். இதையெல்லாம் தாண்டி ஒரே நினைப்புதான் என்னை உருட்டியது. அந்த மனுஷன் இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். முன்னால் டன் கணக்கில் பாரம், சுற்றிலும் லோடு தூக்கும் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தன் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டவன்.

காலையில், "இன்னிக்குப் போவாத" என்றேன். "போவாம?" என்று கேட்டுவிட்டு நீல யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

நானும் வேலைக்குப் போனேன். ஸ்கிரீனில் எழுத்துகள் ஓடின, ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. வெளியே லாரி பிரேக் போட்ட சத்தத்துக்கெல்லாம் எழுந்து நின்றேன். பதினொரு மணிக்கு மேல் தாங்காது என்று பெர்மிஷன் போட்டுவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து அவர் கம்பெனி கேட்டுக்குப் போய் இறங்கினேன். செக்யூரிட்டி பெயரைக் கேட்டு, உள்ளே போன் பண்ணி, "ஒக்காரும்மா, வருவாரு" என்றார். எங்கே உட்காருவது? கேட்டுக்கும் மரத்துக்கும் நடந்தேன். ஷட்டருக்குப் பின்னால் ஃபோர்க்லிஃப்ட் ரிவர்ஸ் எடுக்கும் பீப் சத்தம். அது நிற்கும் ஒவ்வொரு முறையும் கேட்டருகே ஓடி எட்டிப் பார்த்தேன்.

பிறகு வண்டி வெளியே வந்தது. டிரம்கள் தலைக்குமேல் அடுக்கியிருந்தன. நீல யூனிஃபார்ம் தெரிந்தது. இரண்டு பேர் அதற்குக் குறுக்கே நடந்து போனார்கள். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிறுத்து நிறுத்து என்று கத்தினேன். வண்டி நின்றது. ஓட்டினவர் எட்டிப் பார்த்தார். வேறு யாரோ ஒரு பையன்.

தீபாவளிக்குச் சாப்பிட்ட அந்தத் தம்பிதான் ஓடி வந்தான். "இன்னா அண்ணி, இங்க வந்துக்கிறீங்க?"

"அவர வண்டிய உட்டு எறக்குங்கப்பா. அவருக்குக் கண்ணு தெரியல."

அவன் என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "அண்ணன் வண்டில ஏறி எவ்ளோ நாளாவுது. பொங்கலுக்கு முன்னாடியே அவரே சாவியக் குடுத்துட்டாரு. நடுவுல பாக்கறது மங்கிப்போச்சி, ஓரத்துல மட்டுந்தான் தெரியுதுன்னாரு. கண்ணாடி போட்டாலும் வராதுன்னுட்டாங்க. நான்தான் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனேன். இப்ப பேலட் பலகைல அடுக்கன சரக்குக்கு பிளாஸ்டிக் சுத்தற எடத்துல இருக்காரு." நிமிர்ந்து என்னைப் பார்த்து, "உங்க கிட்ட சொல்லிட்டேன்னாரே அண்ணி" என்றான்.

உடம்பில் இருந்த பயமெல்லாம் ஒரே நொடியில் இறங்கிற்று. யாரும் சாகப்போவதில்லை. அது இறங்கின இடத்தில் அப்படியே கோபம் ஏறிற்று. செக்யூரிட்டிக்குத் தெரியும், லோடு தூக்குகிறவனுக்குத் தெரியும், சாவி வாங்கின அந்தப் பையனுக்குத் தெரியும். ஒரே பாயில் படுக்கிற எனக்குத் தெரியாது.

அவர் வெளியே வந்தார். எதிரே இருந்த டீக்கடை ஓரம் போய் நின்றோம். டீ வாங்கவில்லை.

"ஊருக்கே தெரிஞ்சிக்குது. என் ஒருத்திகிட்ட மட்டும் இன்னாத்துக்கு மறைச்ச?" என்றேன். "தெரியாத கண்ண வச்சிக்கினு அட்ட வேற கேட்டியே, அது எதுக்கு?"

அவர் முகத்தை என் பக்கம் திருப்பாமல், என்னை நன்றாகப் பார்ப்பதற்காகத் தலையை ஓரமாகச் சாய்த்துக்கொண்டார்.

"நீ கொண்டாந்து காட்டுவ, நல்லாக்குதுன்னு சொல்லுவேன், நீயும் நம்பிக்குவ" என்றார். "இங்க வந்தா எல்லாருக்கும் நான் கண்ணு தெரியாதவன். கேண்டீன்ல தட்டக்கூட கையில புடிச்சிக் குடுக்கறாங்க. ஊட்ல ஒரு எடத்துலயாவது கண்ணு தெரியறவனா இருந்துக்கலாம்னு பார்த்தேன்."

அந்த ஒரு இடத்தையும் நேற்று மத்தியானம் நான் அவரிடமிருந்து பிடுங்கியிருந்தேன்.