முகப்புப் பக்கத்தை இடித்தவர்

எங்கள் அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது. இரண்டு அறை, ஐந்து மேசை, ஒருமுறை சாத்தினால் திறக்க மறுக்கும் ஒரு ஜன்னல். மற்றவர்களின் இணையதளங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பது எங்கள் தொழில். அங்கே ஆறு வருடம் என் பக்கத்து மேசையில் இருந்தவரை எல்லாரும் ஸ்கேல் அக்கா என்று கூப்பிடுவார்கள். திரையில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி கொஞ்சம் கூடியிருப்பதாகத் தோன்றினால் அக்கா கணினி சொல்லும் கணக்கை நம்பமாட்டார். ஸ்கேலை எடுத்துத் திரைமேலேயே வைத்து அளந்துவிடுவார். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். ஆனாலும் எனக்கும் அக்காதான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் முதலாளி வழக்கம்போலக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசைமேல் தேடிக்கொண்டு சொன்னார்.

"பலகை விளையாட்டு சைட் ஒண்ணு வந்திருக்கு. செஸ், லூடோ, செக்கர்ஸ், சொல் விளையாட்டு, எல்லாம் இருக்கு. முகப்புப் பக்கத்தை மாத்தணுமாம்." பிறகு தளத்தின் பெயரைச் சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். "உனக்கு வேண்டாம்னா சொல்லு. வேற ஆளுக்குத் தர்றேன்."

அக்கா பேனாவை மூடி வைத்தார். "எனக்கே குடுங்க சார்."

"கோபத்தோட பண்ணக்கூடாது."

"கோபம் இருந்தா இன்னும் ஒழுங்கா பண்ணுவேன் சார்."

முதலாளிக்குத் தெரிந்த கதை எனக்கு அன்று மதியம்தான் தெரிந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அக்கா சொன்னார்.

அந்தத் தளத்தில் அக்கா பல வருடம் வேலை பார்த்தவர். அக்காவின் தங்கைக்குக் கல்யாணமான புதிதில் தங்கை கணவருக்கு வேலை போய்விட்டது. அக்காதான் பேசி அவரைத் தன் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டார். மாப்பிள்ளை நல்ல பேச்சுக்காரர். கூட்டத்தில் எழுந்து நின்றால் சுற்றியிருப்பவர்கள் தேநீரை ஆறவிட்டுக் கேட்பார்கள். அக்காவுக்குப் பேச்சு வராது, கைதான் வரும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்தத் தளத்தின் முகப்புப் பக்கம் முழுவதையும் அக்கா புதிதாக வரைந்தார். ஐந்து மாத வேலை. முடிகிற நேரத்தில் கர்ப்பப்பையில் கட்டி என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். கோப்புகளை மாப்பிள்ளையிடம் கொடுத்து, "கூட்டத்துல நீங்களே காட்டிடுங்க மாப்பிள்ளை, நான் வர ஆறு வாரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வந்தபோது கூட்ட அறைச் சுவரில் ஒரு சட்டம் மாட்டியிருந்தது. ஆண்டின் சிறந்த வடிவமைப்பு. உள்ளே அந்தப் பக்கத்தின் படம். கீழே மாப்பிள்ளையின் பெயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, தங்கை சமையலறைக்குள் போன நேரம் பார்த்து மாப்பிள்ளை தாழ்ந்த குரலில் சொன்னாராம். "அண்ணி, யாரு பண்ணதுன்னு கேட்டாங்க. வாய் தவறி நான்னு சொல்லிட்டேன். இப்ப போய் மாத்திச் சொன்னா அசிங்கமாயிடும். குடும்பத்துக்குள்ளதானே."

அக்காவின் அம்மாவும் அதையே சொன்னார். "விட்டுடு. தங்கச்சி வாழ்க்கை."

அக்கா விட்டுவிட்டார். மூன்று வருடம் கழித்து ஆட்குறைப்பு வந்தது. அதற்குள் மாப்பிள்ளை அந்தப் பிரிவுக்கே தலைவர். நான்கு பேரை அனுப்பினார்கள். பட்டியலைத் தயாரித்தவர் அவர். அக்காவின் பெயருக்கு எதிரே காரணம் என்று ஒரு வரி இருந்தது: 'குறிப்பிடும்படியாகச் சொந்தமாக எதையும் உருவாக்கவில்லை.'

"வேலை போனதுகூட பரவாயில்ல. அந்த வரியை என்னால முழுங்க முடியல" என்றார் அக்கா. அன்றைய டப்பா திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பிப் போனது.

மறுநாளே வேலையைத் தொடங்கினோம். இந்த ஒன்பது வருடத்தில் மாப்பிள்ளை அந்தப் பக்கத்தின் மேல் என்னென்னவோ அப்பியிருந்தார். துள்ளும் பொம்மைகள், ஓடும் எழுத்துகள், வந்தவுடன் முகத்தில் அடிக்கிற அறிவிப்புகள். நான் அதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டிருந்தேன். அக்கா அந்தத் தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

"இதெல்லாம் வேண்டாம். நான் போட்டதை மட்டும் எடுப்போம்."

"உங்க வேலையை நீங்களே திட்டப்போறீங்களா?"

"அது என் வேலையா? ஒம்பது வருஷமா அவரோடதாச்சே. அதுல என்னென்ன ஓட்டைன்னு பெத்தவளுக்குத்தான் தெரியும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பக்கம் என்னுடையது என்று மாப்பிள்ளை சொன்னால் அதன் தப்புகள் அத்தனையும் அவர் தலையில் விழும். இல்லை என்று சொன்னால் திருட்டு வெளியே வரும். இரண்டில் எது நடந்தாலும் அக்காவுக்குச் சரி. அக்கா தன் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னாராம். அவர் ஒரு பல் மருத்துவருக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர். கையிலிருந்த பல் வரிசையை அரத்தால் ராவிக்கொண்டே, "கடிக்கிறதுன்னு ஆயிடுச்சு. பார்த்துக் கடி, பல்லு பத்திரம்" என்றாராம்.

அக்கா மூன்று தப்புகளை எடுத்தார். ஒன்று, எல்லா விளையாட்டும் ஒரே அளவுப் பெட்டியில் இருந்தன; 'விளையாடு' என்ற பொத்தான் பெட்டிமேல் மவுஸைக் கொண்டுபோனால்தான் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் எல்லாரும் கணினியில் வந்தார்கள், சரியாக இருந்தது. இப்போது பத்தில் எட்டுப் பேர் கைப்பேசியில் வருகிறார்கள். கைப்பேசியில் மவுஸ் ஏது? இரண்டு, நாளுக்கு ஒரு நகர்த்தல் என்று மெதுவாக ஆடுகிறவர்களுக்கு 'உங்கள் முறை' என்று சொல்லும் இடம் ஓரத்தில் ஒரு குட்டி மணிப் படத்துக்குள் ஒளிந்திருந்தது. மூன்று, வெள்ளைமேல் சாம்பல் நிற எழுத்து. அந்தக் காலத்தில் அது அழகு.

பிறகு ஏழு பேரைப் பிடித்தோம். எல்லாரும் அந்தத் தளத்தில் ஏற்கெனவே ஆடுகிறவர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைப்பேசியைக் கொடுத்து, விரல் போகும் இடம் தெரிய மேலே ஒரு கேமராவை வைத்து, அக்கா ஒரே ஒரு வேலை சொல்வார். "உங்க நண்பர் உங்களுக்காகக் காத்திருக்கார். இப்ப உங்க முறை. அந்த ஆட்டத்தைத் திறங்க." அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் வாயே திறக்கக் கூடாது.

தையற்கடை வைத்திருந்த ஒரு பெண்மணி விளம்பரத்தைத் தொட்டுத் தொட்டு வேறெங்கோ போய்விட்டார். ஒரு பஸ் டிரைவர் மூன்று முறை புதிய ஆட்டத்தைத் தொடங்கினார். ஐந்தாவதாக வந்தவர் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். நான்கு நிமிடம் தேடினார். விரல் அந்த மணியைச் சுற்றியே போனது, ஒருமுறைகூட அதன்மேல் படவில்லை. கடைசியில் கைப்பேசியை இரண்டு கையாலும் எங்களிடம் நீட்டி, "மன்னிச்சுக்கோங்கம்மா. எனக்கு அறிவு பத்தல போல" என்றார்.

அவர் போன பிறகு அக்கா எழுந்து போய்ச் சிக்கிய ஜன்னலைத் திறக்கப்போவதுபோல இரண்டுமுறை தள்ளிப் பார்த்தார். "அந்த மனுஷனை மன்னிப்புக் கேக்க வச்சது நான்" என்றார். வேலையைக் கைவிட்டுவிடுவாரோ என்று நினைத்தேன். விடவில்லை. அந்த நான்கு நிமிடத்தில் ஒரு நொடியைக்கூட வெட்டாமல் படத்தில் சேர்க்கச் சொன்னார்.

கூட்டம் ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு. நீள மேசை, பன்னிரண்டு நாற்காலி, தலைப்பக்கத்தில் அந்தத் தளத்தைத் தொடங்கிய சேர்மன் அம்மா. அவர் அக்காவை அடையாளம் கண்டு தலையசைத்தார். பின்னால் சுவரில் அந்தச் சட்டம். மாப்பிள்ளை இஸ்திரி கலையாத சட்டையில் இருந்தார். அக்காவைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் வாடியது. உடனே சிரிப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க மேடம்" என்றார். வீட்டில் அண்ணி, இங்கே மேடம்.

அவரே முதலில் எழுந்து பேசினார். "இந்தப் பக்கம் ஒம்பது வருஷமா அசையாம நிக்குது. இதோட அடிப்படை நான் போட்டது. அதைத் தொடாம மேல மட்டும் கொஞ்சம் புதுசாக்கினா போதும்னு நினைக்கிறேன்."

அக்கா உட்கார்ந்தபடியே கேட்டார். "பட்டனை மவுஸ் வச்சாதான் தெரியற மாதிரி வச்சதும் நீங்கதானே சார்?"

"ஆமா."

"ஏன் அப்படி வச்சீங்க?"

மாப்பிள்ளை தண்ணீர் குடித்தார். "அது ஒரு அழகுக்காக."

"எழுத்துக்கு சாம்பல் நிறம்?"

"அதுவும்தான்."

"முறை வந்ததைச் சொல்ற இடத்தை மணிக்குள்ள வச்சது?"

"எல்லாம் நான்தான் மேடம். அதான் சொல்றேனே."

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்தார். நான் படத்தை ஓடவிட்டேன். தையற்கடைப் பெண்மணி, டிரைவர், ஒவ்வொருவராக வந்து போனார்கள். பிறகு மெக்கானிக் வந்தார். நான்கு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். "எனக்கு அறிவு பத்தல போல" என்று அவர் சொல்லி முடித்ததும் சேர்மன் அம்மா படத்தை நிறுத்தச் சொன்னார்.

"நம்ம ஆட்டக்காரங்க நம்மகிட்ட மன்னிப்புக் கேக்கறாங்க. இப்படி ஒரு பக்கத்தை யாரு யோசிச்சது?"

மாப்பிள்ளை காலரைத் தளர்த்தினார். மேசையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு சொன்னார். "உண்மையைச் சொல்லணும்னா… அடிப்படை வரைபடம் எல்லாம் அண்ணி… மேடம்தான் போட்டது. நான் கூட்டத்துல காட்டினேன், அவ்வளவுதான்."

ஒன்பது வருடமாகக் கொடுக்காத பெயரை, பழி வந்ததும் இரண்டு நொடியில் தூக்கிக் கொடுத்துவிட்டார். சேர்மன் அம்மா நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார்.

அக்கா எழுந்தார். நான் பார்த்தவரை கூட்டத்தில் அவர் எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"ஆமாம்மா. நான்தான் போட்டேன். இதுல இருக்கிற தப்பு மூணும் என்னோடதுதான். ஏன் அப்படி வச்சேன், அன்னைக்கு அது ஏன் சரி, இன்னைக்கு ஏன் தப்பு, எல்லாத்தையும் சொல்றேன். அவரைக் கேக்காதீங்க. அவருக்குத் தெரியாது."

இருபது நிமிடம் சொன்னார். பொத்தான் பற்றி, மணி பற்றி, சாம்பல் நிறத்தை எத்தனை விதமாக மாற்றிப் பார்த்தார் என்பது பற்றி. புதிய பக்கத்தின் வரைபடத்தைக் காட்டினார். திறந்ததும் பாதித் திரைக்கு ஒரே ஒரு பலகை, பாதியில் நிற்கும் உங்கள் ஆட்டம். அதன் கீழே பெரிய கருப்பு எழுத்தில் 'உங்கள் முறை'. மற்ற விளையாட்டுகள் எல்லாம் அதற்குக் கீழேதான். மாப்பிள்ளை அவ்வளவு நேரமும் தன் கைக்கடிகாரத்தின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு சேர்மன் அம்மா அக்காவைத் தனியாக நிறுத்திக் கேட்டார். "இவரை நான் என்ன செய்யட்டும்? நீங்க சொல்லுங்க."

குடும்பம், தங்கை, பரவாயில்லை என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "வேலையை விட்டு அனுப்பாதீங்கம்மா. புதுப் பக்கம் முடியற வரைக்கும் ஆட்டக்காரங்களைச் சோதிக்கிற வேலைக்கு என்கூட உக்காரட்டும். வாயைத் திறக்காம உக்காரணும். அதுதான் எங்க விதி."

அப்படியே ஆனது. தலைவர் பதவி போனது, சட்டமும் இறங்கியது. இரண்டு மாதம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை மாடி ஏறி வந்தார். கேமரா மாட்டும் கம்பியைத் தூக்கிவந்து வைப்பார், ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார், முப்பது பேர் தடுமாறுவதைப் பேசாமல் பார்ப்பார். ஒருமுறை பொறுக்கமாட்டாமல் ஓர் அம்மாவுக்கு, "மேல பாருங்க" என்று சொல்லிவிட்டார். அக்கா திரும்பாமலே, "சார், விதி" என்றார். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அக்காவுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைகள் ரொம்பப் பிடித்திருந்தன. அன்றைக்கு மட்டும் நல்ல புடவை கட்டிக்கொண்டு வருவார்.

புதிய பக்கம் வெளியானது. பாதியில் கைவிடப்படும் ஆட்டங்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன. லிஃப்ட் மெக்கானிக்கை அக்கா தேடிப்பிடித்து வரவழைத்து மறுபடியும் அதே வேலையைக் கொடுத்தார். நான்கு நொடி. "இது மட்டும் எப்படிம்மா எனக்கு வருது?" என்றார் அவர். "முன்னாடியும் உங்க மேல தப்பில்ல சார். என் மேலதான்" என்றார் அக்கா.

தங்கை ஏழு மாதம் போன் செய்யவில்லை. பிறகு ஒரு விடுமுறை நாள் மதியம் தனியாக வந்து சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்தப் பேச்சை அக்கா எனக்கு வார்த்தை மாறாமல் சொன்னார்.

"அது நீ பண்ணதுன்னு ஒம்பது வருஷமா என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

தங்கை யோசித்தாள். "மாட்டேன்" என்றாள்.

"அப்புறம் என்ன?"

"அவர் வீட்டுல யார்கூடவும் பேசறதே இல்லக்கா. சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போயிடறார். உனக்கு இப்ப நிம்மதியா?"

"ஆமா" என்றார் அக்கா. "பொய் சொல்லச் சொன்னா சொல்றேன். நிம்மதியாத்தான் இருக்கு."

தங்கை அழவில்லை. குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "நான் மட்டும் அப்பப்ப வர்றேன்" என்றாள்.

"வா. நீ வா."

கதவைச் சாத்திவிட்டு அக்கா உள்ளே வந்தார். வீட்டுக்காரர் தட்டுப் போட்டு வைத்திருந்தார். அக்காவுக்கு நன்றாகப் பசித்தது. இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டாராம்.