ஐஸ் கம்பெனி வாசலில் ஒரு படத்திறப்பு

தொண்டி ஐஸ் கம்பெனி வாசலில் பந்தல் போட்டு, காளிதாஸின் படத்துக்கு ரோஜா மாலை சாத்தியிருந்தார்கள். அவர் செத்துப் பதினாறாம் நாள். முன்வரிசை நாற்காலியில் அவர் மனைவி மாரிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடைதான் வலித்தது.

மைக்கைப் பிடித்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். நல்ல குடும்பஸ்தர். கடுமையான உழைப்பாளி. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள் முகம் கோணாதவர்.

முகம் கோணாதவராம்! இவர்களுக்கு என்ன தெரியும்? மூத்தவள் நாகஜோதியை ப்ளஸ் டூ முடித்ததும் கட்டிக்கொடுக்கச் சொன்ன சொந்த அண்ணனிடமே, "எம்புள்ள படிக்கணும், நீ கெளம்பு" என்று பாதிச் சோற்றில் எழுந்த மனுஷன் அவர். முதுகுளத்தூர்ப் பக்கம் மழையில்லாமல் மிளகாய்ச் செடி கருகிய வருஷம், ஐடிஐ சர்டிபிகேட்டோடு பஸ் ஏறி இங்கே ஆபரேட்டராகச் சேர்ந்தவர். ஐஸ் உறைய வைக்கும் அமோனியாவின் நெடி சட்டையில் இருக்கும். வாசல் குழாயில் குளித்து அந்த நெடி போன பிறகுதான் பிள்ளைகளைத் தொடுவார். மாரிச்செல்வி விடிந்ததும் இறால் கம்பெனிக்கு ஓடியதால், சின்னவளுக்கு இரட்டைச் சடை போட்டது அவர்தான். வகிடு கோணலாக இருக்கிறதென்று டீச்சர் கேலி செய்யவும், யூடியூப் பார்த்துப் பழகிக்கொண்டார்.

கடைசி ஆறு மாதம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "வால்வு கசியுது செல்வி. இருக்குறது ஒரே மாஸ்க், அதுவும் காலாவதி. சொன்னா காதுல ஏறமாட்டேங்குது" என்று கம்பெனியைத் திட்டிக்கொண்டே கிடந்தார். வேறு வேலை பார்க்கலாமே என்று அவள் கேட்டதற்கு, "நான் போயிட்டா அந்த மெஷின யாரு பாப்பாக? உள்ள ஆளுக நிக்குறாக" என்றார். அந்தப் பதிலை நினைத்தால் அவர் மேலேயே அவளுக்குக் கோபம் பொங்கியது.

பங்குனியில் ஒரு காலையில் வால்வு பிய்ந்து அமோனியா பீறிட்டது. ஐஸ் கட்டி இழுத்துக்கொண்டிருந்த ஜெபமாலை சுருண்டு விழுந்தார். காளிதாஸ் அவரை வெளியே இழுத்துப் போட்டார். காற்று பக்கத்துப் பால்வாடியை நோக்கி அடித்தது. ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு திரும்ப உள்ளே போனார். வால்வை அடைத்துவிட்டு வாசல்வரை வந்தார், விழுந்தார். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

கடைசியாக முதலாளி பாண்டித்துரை மைக்கைப் பிடித்தார். "காளிதாஸ் எனக்குக் கூடப்பொறந்த தம்பி மாதிரி. ஒரே கொறை, அவசரக்காரன். மாஸ்க் அங்கனதான் தொங்குச்சு. மாட்டாம உள்ள போயிட்டான். கொஞ்சம் நிதானமா இருந்திருந்தா..."

மாரிச்செல்வி எழுந்தாள். மேடையேறி மைக்கைப் பிடுங்கினாள். முந்தானையில் முடிந்திருந்த காளிதாஸின் போனை எடுத்து, பின்னாலேயே ஏறி வந்த நாகஜோதியிடம் நீட்டினாள். "போடுத்தா."

போனில் பதிவாகியிருந்த காளிதாஸின் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது. "முதலாளி, ரெண்டாம் நம்பர் வால்வு தாங்காது. மாஸ்க்கு எதுக்கும் ஆகாது. ஒருநாள் நிப்பாட்டுங்க, மாத்திருவோம்." அடுத்து பாண்டித்துரையின் குரல். "ஏலே, சீசன் நேரத்துல நிப்பாட்டச் சொல்றியே. மீன்பிடித் தடைக்காலம் வரட்டும், போட்டு ஒண்ணும் கடலுக்குப் போகாது, அப்பப் பாப்போம்."

"தங்கச்சி, எறங்கு. எதுன்னாலும் உள்ள வந்து பேசு" என்றார் பாண்டித்துரை.

"தங்கச்சியா? எங்க வீட்டுக்காரவுக மூணு தடவ சொன்னாக. அவுகளக் கொன்னுட்டு, மாலையும் போட்டு, பழியையும் அவுக தலையிலயே போடுறீகளா?" அவள் பின்வரிசைப் பக்கம் திரும்பினாள். "ஜெபமாலண்ணே! நீங்க ஏன் வாயத் தொறக்கல? உங்களத் தூக்கி வெளிய போட்டவுக அந்தப் படத்துல இருக்காக."

பின்வரிசையில் ஜெபமாலை தலைகுனிந்து எழுந்தார். இருமல் இன்னும் விடவில்லை. "அந்த மாஸ்க்க மாட்டுனா மூச்சே விட முடியாதும்மா. எல்லாருக்கும் தெரியும். வேல போயிருமேன்னு பயந்துட்டேன்."

"பதினாறு நாளாவா பயந்தீக?"

 மறுநாள் ஜெபமாலை காவல் நிலையத்துக்கு அவளோடு வந்து, சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். வேலை போனது.

சோதனைக்கு வந்த அதிகாரிகள் கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். பாண்டித்துரை முன்ஜாமீன் வாங்கிக்கொண்டார். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று அதிகாரிகள் முதலில் எழுதியிருந்த அறிக்கையை, நாலு தடவை ராமநாதபுரத்துக்கு அலைந்து மாரிச்செல்வி மாற்ற வைத்தாள். நிர்வாகத்தின் அலட்சியம் என்று வந்த புதுத் தாளை எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தாள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. கம்பெனி புது வால்வு, ஆறு புது மாஸ்க்கோடு மறுபடி ஓடுகிறது.

"அதான் எல்லாத்தையும் மாத்திட்டாகல்ல, இன்னும் என்ன கோவம்?" என்று இறால் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் ஹமீதா பானு ஆதங்கத்தோடு கேட்டாள்.

"ஒரே நாள்ல மாத்திட்டாக ஹமீதா. ஒரே நாள்ல முடியுற வேலதானா அது?" என்று கையிலிருந்த இறாலின் தலையைத் திருகி வீசினாள் மாரிச்செல்வி.