துட்டி சொல்லப் போன சைக்கிள்

முத்துவீரனுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. ராஜபாளையத்தில் ஏறினால் ஊர் எல்லை தாண்டுவதற்குள் குடலைப் புரட்டிக்கொண்டு வந்துவிடும். பைக்கும் வராது. ஒருநாள் பழகப் போய் நேராக ஒரு மாட்டுத் தொழுவத்துக்குள் நுழைந்து, சினைமாடு மிரண்டு, மாட்டுக்காரி வெள்ளைத்தாய் தெருவே கூடும்படி வைத வசவில் அந்த ஆசையும் விட்டுப்போனது. ஆக, ஐம்பத்து நான்கு வயதிலும் மனுஷனுக்கு சைக்கிள்தான் கதி. செட்டியார்பட்டிப் பக்கம் விசைத்தறியில் பேண்டேஜ் துணி ஓட்டுகிற வேலை. தினமும் அதில்தான் போய்வருகிறார்.

சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் பை தொங்கும். சொலுஷன், பழைய ட்யூபில் வெட்டிய ஒட்டுத் துண்டுகள், உப்புத்தாள், டயரை நெம்ப இரண்டு லீவர், எல்லாம் அதற்குள் இருக்கும். பம்பைப் பாரோடு சேர்த்துக் கட்டியிருப்பார். பஞ்சர் கடை வாசலை மிதித்து வருஷக்கணக்காகிறது. தறிக்கூடத்தில் எவர் வண்டி பஞ்சரானாலும் இவரைத்தான் தேடுவார்கள்.

இந்த சைக்கிளால்தான் சொந்தபந்தத்தில் துட்டி சொல்லும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. சாவுச் செய்தியை அங்கே துட்டி என்பார்கள். வீட்டுக்கு நாலு போன் வந்தபிறகும், சம்பந்தி வீட்டுக்கும் உடன்பிறந்தவர் வீட்டுக்கும் ஆள் நேரில் போய்ச் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. சொல்லப் போகிறவர் அந்த வீட்டில் உட்காரக் கூடாது. தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது. உரியவர் காதில் போடுமுன் வழியில் வேறு யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. இந்தச் சட்டமெல்லாம் எவர் போட்டதோ, முத்துவீரன் எதையும் மீறியதில்லை, ஒரே ஒரு தடவை தவிர.

அந்த ஒரு தடவை அவருடைய பெரியப்பா இறந்த அன்று. பதினோரு வருஷமாகிறது. பெரியம்மை சுடலையம்மாளின் தம்பி ஆவுடையப்பனுக்குச் சொல்ல இவரை அனுப்பினார்கள். பாதி வழியில் பஞ்சர். பையில் சொலுஷன் காய்ந்து கிடந்தது. வெயிலோ மண்டையைப் பிளந்தது. சட்டைப்பையில் போன் இருந்தது. எடுத்துப் பேசிவிட்டார்.

“எங்க மச்சான் செத்ததை எனக்குப் போன்ல சொல்லுதியோ? நான் என்னல, போன்ல சிலிண்டர் பதியுத கேஸ் ஆபீஸா?” என்று கேட்டுப் படக்கென்று வைத்தவர்தான் ஆவுடையப்பன். துட்டிக்கு வரவில்லை. தாலி இழந்து உட்கார்ந்திருந்த அக்காளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு சேலை வந்து விழவில்லை. அவளும் லேசுப்பட்டவள் அல்ல, இனி அவன் வாசலை மிதிக்க மாட்டேன் என்றுவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே பதினைந்து கிலோமீட்டர். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. பெரியம்மை முத்துவீரனை ஒரு வார்த்தை கோபமாகச் சொன்னதில்லை. சொந்தக்காரர்கள் விடுவார்களா? எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் “என்ன மாப்ள, பஞ்சரா?” என்பார்கள். அவரும் சிரித்து வைப்பார். உள்ளுக்குள் சுருக்கென்று குத்தும்.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை பெரியம்மை போய்ச் சேர்ந்தாள். அதற்கு முந்தின வாரம்தான் மகள் நாகஜோதியைக் கூப்பிட்டு, “ஏட்டி, எந் தம்பி கோடி போடாம என்னைத் தூக்கிராதீய” என்று சொல்லியிருந்தாள். கோடி என்பது பிறந்த வீட்டார் கொண்டுவந்து உடம்பின் மேல் போர்த்தும் புதுச்சேலை. மறுநாளைக்கு வைத்திருந்து எடுக்கலாம் என்றால் மறுநாள் சனிக்கிழமை. சனிப்பிணம் தனிப்போகாது என்று பெரியவர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். மூன்று மணிக்குத் தூக்குவது என்று முடிவாயிற்று.

பைக் வைத்திருந்த பையன்கள் வத்திராயிருப்புக்கும் ஆலங்குளத்துக்கும் துட்டி சொல்லக் கிளம்பினார்கள். “அண்ணே, மாமாவுக்கு வேற ஆளை ஆட்டோல அனுப்பட்டா?” என்று நாகஜோதி அழுகையோடு கேட்டாள்.

“வேற எவனையும் அனுப்பாத தாயி. நாந்தாம் போவணும்” என்றார் முத்துவீரன்.

ஆவுடையப்பன் வீடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்புச் சாலையில் மாந்தோப்பு ஒன்றை ஒட்டி இருந்தது. மெயின் ரோட்டில் லாரித் தொல்லை. மம்சாபுரம் வழியாகப் போனால் ஒன்றேகால் மணி நேரம். ஒன்பதரைக்கு ஏறி மிதித்தார்.

கண்மாய்க் கரையில் பின்சக்கரம் தொய்ந்தது. இறங்கி அமுக்கிப் பார்த்தால், அடச்சே, பஞ்சரேதான். “அன்னைக்கும் நீதான், இன்னைக்கும் நீதானா?” என்று டயரை ஒரு உதை விட்டார். ஆனால் கை தானாக வேலையில் இறங்கியது. டயரை நெம்பி ட்யூபை உருவி, காற்றடித்து, கண்மாய்த் தண்ணீரில் அமுக்கினார். ஒரு இடத்தில் குமிழி வந்தது. துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொலுஷன் தடவி, ஊதிக் காயவைத்து ஒட்டினார். கால்மணி நேரத்தில் மறுபடி சீட்டில் இருந்தார்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மா இல்லை. ஒட்டுப் போட்டவன் டயருக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பார்க்காமல் ட்யூபை மாட்டக் கூடாது. தறிக்கூடத்துப் பையன்களிடம் ஆயிரம் தடவை சொன்னவர் அதை இன்று மறந்தார். குத்திய கருவேல முள் டயருக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது. இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் தன் வேலையைக் காட்டிவிட்டது.

முள்ளைப் பிடுங்குவதற்குள் நகம் பிய்ந்தது. சரி, ஒட்டுவோம் என்று பையில் கையை விட்டால் சொலுஷன் இல்லை. கண்மாய்க் கரையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். திரும்பிப் போக அரைமணி, வர அரைமணி. முன்னால் தள்ளிக்கொண்டு போவதே மேல் என்று நடந்தார். நல்லவேளையோ கெட்டவேளையோ, பின்னால் ஒரு பைக் வந்து நின்றது.

“என்ன அண்ணாச்சி, வெயில்ல தள்ளிக்கிட்டுப் போறீய? நான் ஸ்ரீவில்லிபுத்தூர்தான் போறேன். சைக்கிளை அந்தப் பம்ப்செட்டுல போட்டுட்டு ஏறுங்க” என்றார் வந்தவர். முன்பின் தெரியாத ஆள். பேர் ராம்குமார் என்று அவராகவே சொன்னார். டேங்க் மேல் ஒரு பை, அதற்குள் நாலு மூலையும் மஞ்சள் தடவிய பத்திரிகைகள். கார்த்திகையில் மகளுக்குக் கல்யாணம், வீடுவீடாக வைத்துக்கொண்டு போகிறார்.

முத்துவீரன் யோசித்தார். ஏறிவிட்டால் கால்மணி நேரத்தில் மாமா வீடு. ஆனால் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவன் முதுகுக்குப் பின்னால், அவனுக்குத் தெரியாமல் துட்டி உட்கார்ந்து போவதா? அந்தப் பாவத்தை எங்கே கொண்டு கொட்டுவது? சொல்லிவிட்டு ஏறலாம் என்றால் மாமா காதுக்கு முன்னால் ஊரான் காது கேட்கக் கூடாது.

“இல்ல தம்பி, நீங்க போங்க. எனக்கு அப்பிடி ஒண்ணும் அவசரம் இல்ல.”

“அவசரம் இல்லாத ஆளுக்கா இப்பிடி வேர்த்து ஊத்துது?” என்று சிரித்த ராம்குமார், ஒரு பத்திரிகையை உருவி நீட்டினார். “வழியில கண்ணுல பட்டுட்டீய. குடும்பத்தோட வந்துருங்க.”

முத்துவீரன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். “கையெல்லாம் கிரீசு தம்பி. நல்ல காரியம், அழுக்குக் கையால வாங்கக் கூடாது. எம் மனசார வாழ்த்துதேன்.”

என்ன மனுஷன் இவர் என்பது போல் பார்த்துவிட்டு ராம்குமார் போய்விட்டார்.

அந்தச் சமயம் பார்த்துப் போன் அடித்தது. “எங்கண்ணே இருக்கீய? மாமா வாராகளா?” என்றாள் நாகஜோதி. “போய்க்கிட்டே இருக்கேன்” என்று வைத்தார். போன் கையிலேயே இருந்தது. மாமா நம்பரும் அதில் இருந்தது. இரண்டு விரல் தட்டு, அவ்வளவுதான். ‘கோடி வராமல் தூக்கிவிட்டால் என்ன செய்வாய்? சொன்ன விதமா பெரிது?’ என்று மனசு வக்கீல் மாதிரி பேசியது. அன்றைக்கும் இப்படித்தான் பேசியது. போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார்.

அப்போதுதான் இடுப்பு மடிப்பில் கை பட்டது. தறிக்காரன் மடியில் நூல் இல்லாமல் இருக்குமா? பத்துப் பதினைந்து முழ நூலை எடுத்து முறுக்கினார். ட்யூபில் ஓட்டை இருந்த இடத்தைக் குமிழாகப் பிடித்துத் திருகி, அடியில் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டார். அரைக்காற்றுதான் அடித்தார். காற்று இறங்காமல் நின்றது. சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டொக்’ என்று ஒரு குதி குதித்தது. இடுப்பெலும்பு கழன்றுவிடும் போலிருந்தது. கோயில் கோபுரம் தெரிந்தபோது ஒரு கும்பிடு போட்டுவிட்டு நிறுத்தாமல் மிதித்தார். தோப்புக்கு ஒரு பர்லாங் இருக்கையில் முடிச்சு விட்டுப்போனது. இறங்கி ஓட்டமும் நடையுமாகத் தள்ளினார். மணி பன்னிரண்டரை தாண்டியிருந்தது.

கேட்டுக்குள் ஒரு வாடகைக் கார் நின்றது. வராந்தாவில் பிளாஸ்டிக் சேர் போட்டு ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. மடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் மருமகள் மாரீஸ்வரி முந்தானையை வாயில் வைத்தபடி நின்றாள். யாரும் வா என்று சொல்லவில்லை. முத்துவீரனும் கேட்டைத் தாண்டவில்லை.

“ஏம்ல இம்புட்டு நேரம்?” என்றார் ஆவுடையப்பன்.

முத்துவீரன் நிமிர்ந்து பார்த்தார். “மாமா, உங்களுக்குத் தெரியுமா?”

“காலையில ஏழு மணிக்கே மருமவ போன்ல காட்டிட்டா. எவனோ அக்கா போட்டோவைப் போட்டு ஸ்டேட்டஸ் வச்சிருக்கான். சேலை எடுத்தாச்சு. காரும் பேசியாச்சு. எட்டரைல இருந்து உடுத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

“பொறவு ஏன் மாமா கெளம்பல?”

“சொல்லாத துட்டிக்கு எந்த மூஞ்சியோடல போவேன்?” கிழவரின் குரல் உடைந்தது. “ஒரு மணி வரைக்கும் பாப்போம், எவனும் வரலைன்னா வெக்கத்தை விட்டுட்டுப் போயிருவோம்னு இருந்தேன். வந்துட்டேல்ல? சொல்லு. உன் வாயால சொல்லுல.”

முத்துவீரன் சைக்கிள் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“மாமா, உங்க அக்கா தவறிட்டாக. விடியக்காலம் நாலரைக்கு. தம்பி கோடி போடாம என்னைத் தூக்காதீயன்னு சொல்லிட்டுப் போயிருக்காக.”

“அப்பிடியா சொன்னா?”

“அப்பிடித்தான் மாமா சொன்னாக.”

ஆவுடையப்பன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார். “எக்கா!” என்று ஒரு சத்தம் போட்டார். காலை ஏழு மணியிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு கிடந்த அந்த வீடு அப்போதுதான் அழத் தொடங்கியது.